துருவக் கடலின் மிதவை உயிரிகள்: மூன்று கேள்விகளின் வரலாறு

முன்னுரை

இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏலக்காடுகளுக்கும் நடுவே இருக்கிறது ஏலப்பாறை. தோட்ட வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழும் மலையூர். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் அம்மலையில் கொட்டும் மழை அரபிக்கடலின் ஈரம்தான். பெரியாற்றில் சேரும் அந்த நீர் கொச்சிக்கு அருகே மீண்டும் கடலை அடைகிறது. போகிற வழியில் மலைப்பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சிலிக்காவையும் எடுத்துச் செல்கிறது. கடலில் மிதக்கும் டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி தன் கண்ணாடி ஓட்டைக் கட்டுவது இந்தச் சிலிக்காவைக் கொண்டுதான்.

நீரோட்டத்தின் போக்கிலேயே அலையும் உயிர்களை மிதவை உயிரிகள் என்கிறோம். வெயிலில் உணவு சமைப்பவை தாவர மிதவை உயிரிகள். அவற்றை மேய்பவை விலங்கு மிதவை உயிரிகள். கடல் சூடேறும்போது இவற்றுக்கு, குறிப்பாகத் துருவக் கடல்களில் இருப்பவற்றுக்கு, என்ன நேர்கிறது என்பது இன்றைய கடலியலின் முதன்மையான கேள்விகளில் ஒன்று. அது தொடக்கத்திலேயே எழுந்த கேள்வி அன்று. 'என்ன இருக்கிறது?', 'எவ்வளவு பிடிக்கலாம்?', 'என்ன மாறிவிட்டது?' என மூன்று கட்டங்களாக அது வளர்ந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்காகச் சேர்த்த பதிவுகள் இல்லாவிட்டால் மூன்றாவதற்கு விடை கிடைத்திருக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

என்ன இருக்கிறது?

1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் தென்துருவக் கடலுக்குச் சென்ற பிரித்தானியக் கப்பல்களில் ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற இளம் தாவரவியலாளர் இருந்தார். கடல் பனியைப் பழுப்பாக்கியிருந்தவை டயாட்டம்கள் என்பதையும், அவை தாவர வகையின என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் ஏழு தொகுதிகளாகப் 'பிரித்தானிய இந்தியாவின் தாவரங்கள்' நூலை வெளியிட்ட ஹூக்கர் இவர்தான்.

1874 பிப்ரவரியில் பிரித்தானிய ஆய்வுக் கப்பலான சாலஞ்சர் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தது. தென்கடலின் அடியில் டயாட்டம் ஓடுகள் படிந்து சேறாகக் கிடப்பதை அப்பயணம் பதிவு செய்தது. 1887-இல் ஜெர்மானியரான விக்டர் ஹென்சன், 'அலைந்து திரிவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பிளாங்க்டன்' என்ற பெயரை உருவாக்கினார். இக்காலத்தவரின் வேலை பெயரிடுவதும் வகைப்படுத்துவதும்தான். கடல் மாறுகிறதா என்பது அவர்களின் கேள்வியாக இருக்கவில்லை.

எவ்வளவு பிடிக்கலாம்?

அடுத்த கட்டத்தைத் தொடங்கி வைத்தது வணிகம். தென்கடலில் திமிங்கில வேட்டை பெருகியபோது, திமிங்கிலத்தின் இரையான கிரில்லைப் பற்றி அறிய வேண்டியிருந்தது. நம் ஊர்க் கூனி இறாலை நினைவூட்டும் விரல் நீள உயிர் அது. 1925 முதல் 1951 வரை நடந்த டிஸ்கவரி ஆய்வுகள் அதற்காக எழுந்தவையே. அதில் பங்கேற்ற அலிஸ்டர் ஹார்டி, ஓடும் கப்பலின் பின்னால் இழுபட்டபடியே மிதவை உயிரிகளைப் பட்டுத்துணியில் பிடித்துச் சுருட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் வழிவந்த கருவிகள் இன்றும் வடகடலிலும் தென்கடலிலும் இழுபடுகின்றன.

இதே காலத்தில் மலபார்க் கரையிலும் இதே கேள்வி எழுந்தது. நெய்மத்தி ஓராண்டு கரையை நிறைக்கிறது. மற்றோராண்டு காணாமல் போகிறது. காரணம் தேடிய சென்னை மாகாண மீன்வளத்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், 1920களில் மத்தியின் வாழ்க்கையோடு மலபார்க் கடலின் மிதவை உயிரிகளையும் சேர்த்தே ஆராய்ந்தார். 1930களின் தொடக்கத்தில் சென்னைக் கடலின் மிதவை உயிரிகளைப் பற்றி கே. எஸ். மேனன் எழுதினார். 1946-இல் ஆர். சுப்பிரமணியன் சென்னைக் கரையின் டயாட்டம்களை முறையாக வகைப்படுத்தினார்.

இந்த ஓடைகள் ஒன்றுசேர்ந்த இடம் கொச்சி. 1960களின் முதற்பாதியில் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் சுமார் 40 கப்பல்கள் கலந்துகொண்டன. கிஸ்ட்னா, வருணா, கான்ச் ஆகியவை இந்தியாவின் கப்பல்கள். இந்தியப் பங்களிப்பை வழிநடத்தியவர் என். கே. பணிக்கர். 1 சதுர மீட்டர் வாயுள்ள ஒரே வகை வலையை 200 மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாக மேலே இழுப்பது எல்லாருக்கும் பொதுவான முறையாக வகுக்கப்பட்டது. வலையில் சிக்கியவை கொச்சியில் யுனெஸ்கோ உதவியுடன் அமைந்த இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரே வலை, ஒரே முறை என்பதால் ஓரிடத்தின் மாதிரியை மற்றோரிடத்தோடு ஒப்பிட முடிந்தது. 1966-இல் பணிக்கரை முதல் இயக்குநராகக் கொண்டு தேசியக் கடலியல் நிறுவனம் தொடங்கியபோது, கொச்சி மையமும் அதன் பகுதியாயிற்று.

அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எஸ். இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்தியக் குழு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. 1995-96-இல் சாகர் சம்பதா கப்பல் கிரில் ஆய்வுக்காகவே தென்கடலுக்குச் சென்றது. அதன் நோக்கத்திலும் 'எவ்வளவு பிடிக்கலாம்?' என்ற பழைய கேள்விக்கு இடமிருந்தது. 1982-இல் உலகக் கிரில் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியிருந்ததே அதன் பின்னணி.

என்ன மாறிவிட்டது?

மூன்றாவது கேள்வி கடந்த நாற்பதாண்டுகளில்தான் வலுப்பெற்றது. தென்துருவத்தின் அண்டார்க்டிக் தீபகற்பம் வேகமாகச் சூடேறிய பகுதி. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கடப்பது, கடல் பனியின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பாசியை மேய்ந்துதான். பனி குறைந்தால் மேய்ச்சல் நிலமும் குறையும். ஆங்கஸ் அட்கின்சனும் உடன் ஆய்வாளர்களும் 1926 முதலான வலைப் பதிவுகளைத் திரட்டி, தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970களிலிருந்து கிரில் அடர்த்தி சரிந்திருப்பதாக 2004-இல் எழுதினர். எல்லாரும் இதை ஏற்கவில்லை. தரவுகளை வேறு முறையில் கணக்கிட்டால் அச்சரிவு தெரியவில்லை என்று 2018-இல் மற்றொரு குழு மறுத்தது. 2019-இல் வெளிவந்த ஆய்வோ, கிரில்லின் இருப்பு தெற்கு நோக்கிச் சுருங்குவதாகக் கூறியது. விவாதம் எப்படி முடிந்தாலும், இருதரப்பும் சான்றுக்கு நாடியது, வேட்டைக்கால டிஸ்கவரி வலைகளிலிருந்து தொடங்கும் பதிவுகளையே.

வடதுருவத்தின் நிலை வேறு. அங்கே பனி உருகியதும் நீருக்குள் வெளிச்சம் பாய்ந்தது. 1998-க்கும் 2018-க்கும் இடையே ஆர்க்டிக் கடலின் தாவர உற்பத்தி 57 விழுக்காடு கூடியதாக 2020-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. இதை நற்செய்தி என்று கொள்ள முடியாது. உருகிய நன்னீர் மேலே மூடிபோல் நின்றுவிடுவதால், அடியிலுள்ள சத்து மேலேறத் தடை உண்டாகிறது. கனடாப் பள்ளக் கடலில் மிகச் சிறிய பாசிகள் பெருகி, சற்றுப் பெரியவை குறைந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு கண்டது. உணவின் அளவோடு அதன் தரமும் மாறுகிறது.

இம்மாற்றத்தை அருகிலிருந்து பார்க்க இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. சுவால்பார்டு தீவுக்கூட்டத்தின் நி-ஒலெசுண்டில் 2008-இல் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. அதன் எதிரே உள்ள காங்ஸ்ஃபியார்டன் கடற்கழியில் 2014-இல் 192 மீட்டர் ஆழத்தில் 'இண்ட்ஆர்க்' கருவித்தொகுதி நிறுத்தப்பட்டது. வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் உட்புகும் கழி அது. ஆர்க்டிக் கடலுக்குரிய கலானஸ் கிளேசியாலிஸ் என்னும் கோப்பிபாட், அதாவது சிறு ஓட்டுடலி வகை விலங்கு மிதவை உயிரி, உருவில் பெரியது, கொழுப்பு மிக்கது. அட்லாண்டிக் நீரோடு வரும் கலானஸ் ஃபின்மார்கிகஸ் சிறியது, கொழுப்புக் குறைந்தது. இவற்றை இரையாகக் கொள்ளும் குட்டி ஆக் என்ற கடற்பறவை தன் குஞ்சுக்கு முன்புபோல் கொழுப்பு ஊட்ட வேண்டுமானால், சிறியவற்றை அதிகம் பிடிக்க வேண்டும்.

எல்லை தாண்டுவதும் நடக்கிறது. பசிபிக் கடலின் டயாட்டமான நியோடெண்டிகுலா செமினே, வட அட்லாண்டிக்கில் சுமார் 8 லட்சம் ஆண்டுகளாக இல்லாதிருந்தது. 1999-இல் அங்கே அது மீண்டும் தென்பட்டது. ஆர்க்டிக்கின் பனி விலகிய வழியே அது வந்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதைப் பிடித்துக் காட்டியது, ஹார்டி வழிவந்த அந்தப் பட்டுத்துணிக் கருவி.

கடலைத் திருத்த முடியுமா?

மாற்றத்தைக் கண்டபின், மிதவை உயிரிகளைக் கொண்டே அதைத் தணிக்கலாமா என்ற எண்ணமும் எழுந்தது. 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்ற சோதனையைத் தென்கடலில் நடத்தின. 'லோஹா' என்றால் இரும்பு. சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில் இரும்புச்சத்தைத் தூவிப் பாசியைப் பெருக்கினால், அது காற்றின் கரியமில வாயுவை உண்டு அடியாழத்தில் புதைக்குமா என்று பார்ப்பதே நோக்கம். 39 நாள் கண்காணித்தனர். பாசி பெருகியது, ஆனால் அதை விலங்கு மிதவை உயிரிகள் மேய்ந்துவிட்டன. டயாட்டம் தழைக்க அங்கே சிலிக்கா போதவில்லை. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு. மிதவை உயிரிகளை வைத்து வெப்பத்தைத் தணிக்கலாம் என்ற எளிய நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

முடிவுரை

வெப்பம் ஒன்றாயினும் விளைவு எல்லாக் கடலிலும் ஒன்றாக இல்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபதாண்டுகளில் தாவர மிதவை உயிரிகள் 20 விழுக்காடு வரை குறைந்திருப்பதாக, கேரளத்தைச் சேர்ந்த காலநிலை விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கொல்லும் குழுவினரும் 2016-இல் கணித்தனர். சூடான மேல்நீர் மூடியாக நின்று அடிச்சத்தைத் தடுப்பது அங்கே காரணம். வடதுருவத்தில் இதுவரை தாவர உற்பத்தி கூடியே வந்திருக்கிறது. தென்துருவத்தில் பனியின் இருப்பு கிரில்லின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

மலைத் தேயிலைத் தோட்டங்களில் அன்றாட மழையளவைப் பேரேட்டில் குறிக்கும் வழக்கம் உண்டு. எழுதிய அன்று அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. ஐம்பது ஆண்டு கழித்துத்தான் மழை மாறியதா என்பதை அது சொல்லும். கடலின் மிதவை உயிரி மாதிரிகளும் அத்தகையவை. திமிங்கிலத்துக்காகவும் மத்திக்காகவும் வீசிய வலைகளே இன்று வெப்பத்தின் சாட்சிகளாக நிற்கின்றன. ஆகவே புதிய பயணங்களுக்கு ஒதுக்கும் அதே அக்கறையைப் பழைய மாதிரிகளைக் காப்பதற்கும், ஒரே இடத்தில் ஒரே முறையில் ஆண்டுதோறும் வலை இழுப்பதற்கும் நம் நிறுவனங்கள் ஒதுக்க வேண்டும். தவறவிட்ட ஓராண்டின் கடலை மறு ஆண்டில் அளக்க முடியாது.