புகையாத புகையிலை

போன மாதம் பெங்களூரில் ஒரு நண்பன் பைப்பைக் கையில் கொடுத்தான். முதல் இழுப்பிலேயே இருமல், கண்ணில் தண்ணீர். "உள்ள இழுக்காதடா, வாயிலேயே வச்சு விட்டுடணும்" என்று சிரித்தான்.

எனக்கு அக்பர் ஞாபகம் வந்தார். 1604 வாக்கில், பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் அலங்காரமான ஒரு குழாயில் அவருக்குப் புகையிலை கொடுத்தார். வைத்தியர் தடுத்தும் இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார் பாதுஷா.

போர்த்துகீசியர் கொண்டுவந்த அந்த அமெரிக்கச் செடிக்குத் தமிழில் பழைய பெயர் கிடையாது. கண்டதைக் கண்டபடி வைத்தோம்: புகை, இலை. சுருட்டு வந்தது, ஆங்கிலத்தின் 'செரூட்' நம் சொல்தான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் வாயில் ஏற்கனவே வெற்றிலையும் சீவலும் இருந்தன. புதிய இலை அவற்றோடு சேர்ந்துகொண்டது. வேதாரண்யம் மணலில் விளைந்தது, நடவு வயல் வரப்பில் மெல்லப்பட்டது. புகை பெயரில் மட்டும் மிஞ்சியது.

தாத்தாவின் கன்னத்துப் புண் ஆறவேயில்லை. புற்றுநோய் என்றதும் என்னிடம் கேட்டார்: "நான் என்ன பீடி சுருட்டா புடிச்சேன்? வெத்தலதானேடா போட்டேன்?"

நானூறு வருஷமாக அந்தப் பெயர் புகையை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறது. அவரிடம் அன்று எனக்குப் பதில் இல்லை.