வத்திராயிருப்பிலிருந்து உருகிய உலோகம் வரை: கே.எஸ்.கிருஷ்ணனும் புள்ளியியல் இயக்கவியலும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்போர் இன்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டப்படி தேர்வு எழுதுகிறார்கள். 1990க்கு முன்பு இந்தப் பகுதி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழும், 1966க்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழும் இருந்தது. புள்ளியியல் இயக்கவியல் அந்தப் படிப்பின் அடிப்படைத் தாள்களில் ஒன்று. போல்ட்ஸ்மான், போஸ்-ஐன்ஸ்டைன், ஃபெர்மி-டிராக் பரவல்கள் அதில் முன்னே நிற்கும். ஏற்ற இறக்கங்கள் பற்றிய அதிகாரமோ, பாத்ரியாவின் புகழ்பெற்ற நூலிலும்கூட, பின்பகுதியில்தான் வரும். பின்னுக்குத் தள்ளப்பட்ட அந்த அதிகாரத்தின் வளர்ச்சியில் இந்த மண்ணில் பிறந்தவருக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கே.எஸ்.கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அவ்வூரும் சங்கரன்கோவிலும் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி வழியாக 1920இல் கல்கத்தா சென்று இயற்பியலாளர் சி.வி.ராமனிடம் சேர்ந்தார்.

அங்கே அவர் கையிலெடுத்தது திரவங்களில் நிகழும் ஒளிச்சிதறல். திரவத்தின் மிகச் சிறிய பகுதியொன்றில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை நொடிக்கு நொடி கூடிக் குறைகிறது. ஏற்ற இறக்கம் எனப்படும் இந்த அடர்த்தி மாற்றமே ஒளியைச் சிதறடிக்கிறது என்று 1908இல் ஸ்மோலுகோவ்ஸ்கி காட்டினார். வெப்பநிலையையும் அமுங்குதிறனையும் கொண்டு சிதறலின் அளவைக் கணிக்கும் சமன்பாட்டை 1910இல் ஐன்ஸ்டைன் தந்தார். 1928இல் ராமனும் கிருஷ்ணனும் கண்ட, ராமன் விளைவு எனப்படும், நிறம் மாறிய சிதறல் இந்தப் பழைய சிதறலைத் துருவிய நெடிய ஆய்வின் விளைவு.

  

அவ்வாண்டு டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். 1924இல் புதிய புள்ளியியலை உருவாக்கிய சத்தியேந்திரநாத் போஸ் அங்கேதான் பணியாற்றிவந்தார். கிருஷ்ணன் அங்கே செய்தது படிகங்களின் காந்தப் பண்புகள் குறித்த ஆய்வு. புள்ளியியல் இயக்கவியலில் அவருடைய தனித்த பங்களிப்பு பின்னர் அவர் பணியாற்றிய அலகாபாத்தில்தான் வெளிப்பட்டது.

1945இல் அவரும் ஏ.பி.பாட்டியாவும் திரவ உலோகங்களின் மின்தடையை எடுத்துக்கொண்டார்கள். உருகிய உலோகத்தில் படிக ஒழுங்கு இல்லை. ஆகவே திடப்பொருளுக்கென்று உருவான மின்தடைக் கோட்பாட்டை அங்கே அப்படியே பொருத்த முடியாது. எலக்ட்ரானும் ஓர் அலைதானே, ஒளியைச் சிதறடிக்கும் அடர்த்தி மாற்றங்கள் அதையும் சிதறடிக்கும் அல்லவா என்று அவர்கள் எண்ணினார்கள். எக்ஸ் கதிர்ச் சிதறலில் தெரியும் திரவ அமைப்பைக் கொண்டே மின்தடையைக் கணிக்கும் வழி இதனால் திறந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஒளிக்குக் கற்றதை உலோகத்துக்குள் கொண்டுசென்ற இந்தத் துணிச்சலையே, ராமன் விளைவில் அவருக்கிருந்த பங்கைவிடவும், அவருடைய சொந்த முத்திரையாக நான் கருதுகிறேன். 1961இல் ஜான் ஸைமன் விரிவாக வளர்த்தெடுத்த கோட்பாட்டின் முன்னோடி இது.

சோடியம் உருகும்போது அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஏற்ற இறக்கங்கள் அதிகாரத்தின் முதல் கணக்காக இதை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். உலோக எலக்ட்ரான்களின் ஃபெர்மி பரவலும் திரவத்தின் அடர்த்தி மாற்றமும் ஒரே கணக்கில் சேர்ந்து வரும் இடம் இது.