பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் மாற்று லீவர்களும் கேபிள்களும்

பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்போர், மூல உதிரிப்பாகங்கள் கிடைக்காதபோது வேறு தயாரிப்பு லீவர்களையும் கேபிள்களையும் பொருத்துவது பரவலான வழக்கமாகும். பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப், ராயல் என்ஃபீல்ட் முதலிய வண்டிகளில் கிளட்ச், முன் பிரேக், திராட்டில் ஆகியன கேபிள்களாலேயே இயங்கின. ஆகவே இம்மாற்றம் வண்டியின் தோற்றத்தை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் பாதிக்கிறது.

இயங்கும் முறை

இவற்றில் பயன்படுவது போடன் கேபிள் ஆகும். இதற்கான 1896ஆம் ஆண்டுக் காப்புரிமை எர்னஸ்ட் மானிங்டன் போடன் பெயரில் உள்ளது. (ராலே மிதிவண்டி நிறுவனத்தை நிறுவிய பிராங்க் போடன் வேறொருவர், இருவரும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றனர்.) முறுக்கிய எஃகு இழைகளாலான உட்கம்பி இழுவிசையையும், சுருள் எஃகு வெளியுறை அதற்கு எதிரான அமுக்கவிசையையும் தாங்குகின்றன. வெளியுறையின் முனை தன் இருக்கையில் சரியாக அமராவிடில், லீவரின் அசைவில் ஒரு பகுதி வீணாகும்.

அளவுகள்

கைப்பிடிக் குழாயின் விட்டம் 7/8 அங்குலமாகவோ (22.2 மிமீ) 1 அங்குலமாகவோ (25.4 மிமீ) இருக்கும். லீவரின் சுழல் ஊசிக்கும் கேபிள் முனை அமரும் துளைக்கும் இடையிலான தொலைவு இதைவிட முக்கியமானது. இத்தொலைவு 7/8 அங்குலம், 1 1/16 அங்குலம் என இரு அளவுகளில் பெரிதும் கிடைக்கிறது. விற்பனை விவரத்தில் '7/8' என்று மட்டும் இருந்தால், அது குழாயின் விட்டமா, இத்தொலைவா என்று கேட்டறிதல் வேண்டும்.

விரல் அதே அளவு அசையும்போது 1 1/16 அங்குல லீவர் கேபிளை ஏறத்தாழ 21% கூடுதலாக இழுக்கும். தேவைப்படும் விரல் விசையும் அதே விகிதத்தில் கூடும். கிளட்சில் இழுப்பு குறைந்தால் தட்டுகள் முழுமையாகப் பிரியா. கியர் மாற்றும்போது ஓசை எழும், நியூட்ரல் எளிதில் அகப்படாது. முன் பிரேக்கில் நிலைமை மாறானது: இழுப்பு கூடிய லீவர் கைக்கு உறுதியாகத் தோன்றும், ஆனால் பிரேக் பலவீனமாகப் பிடிக்கும்.

திருகுமரைகளும் ஏமாற்றக்கூடியவை. பழைய கேபிள் சரிசெய் திருகுகள் பலவற்றில் 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 26 மரைகளும் உண்டு. இன்றைய 8 மிமீ திருகின் விட்டம் இதனுடன் ஏறக்குறைய ஒன்றுபோலிருந்தாலும், அதன் மரை இடைவெளி 1.25 மிமீ, பழையதில் அது 0.98 மிமீ மட்டுமே. வலிந்து முறுக்கினால் மரை அழியும்.

கேபிள் தயாரித்தல்

வெளியுறையை வெட்டி, முனையைச் சீராக அராவிய பின்னரே உட்கம்பியைச் செருக வேண்டும். உட்கம்பியின் முனை இழைகளைப் பித்தளை நிப்பிளின் குழிவில் விரித்துப் பரப்பி, ஈயப்பற்று வைக்கப்படுகிறது. விரிக்காமல் வைத்த பற்று இழுவையில் நழுவிவிடக்கூடும். மிகை வெப்பம் எஃகின் வலிமையைக் குறைக்கும் என்பதால் பித்தளைப் பற்று இதற்கு ஏற்றதன்று. துருவேறா எஃகுக் கம்பியாயின் அதற்கெனவுள்ள அமிலப் பற்றுத்துணைப்பொருள் தேவை.

நிப்பிள் லீவரில் தடையின்றிச் சுழல வேண்டும். சுழலாவிட்டால், ஒவ்வோர் அழுத்தத்திலும் கம்பி அதே இடத்தில் மடிந்து, இழை இழையாக அறுந்துவரும். இது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

சோதனை

எஞ்சின் மெதுவாக ஓடுகையில் கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்ப வேண்டும். வேகம் கூடினால் திராட்டில் கேபிள் நீளம் போதாது, அல்லது அது செல்லும் வழி தவறு. முறுக்குப்பிடியைத் திறந்து மூடும்போது கார்புரேட்டரின் சறுக்குத்தடுப்பான் எங்கும் சிக்காமல் கீழிறங்க வேண்டும். கிளட்ச் லீவரில் 2 முதல் 3 மிமீ தளர்வு விடப்படுகிறது.

பெரிய பிரித்தானியாவில் 2018 மே முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமன்று. இதனால் அறுந்துவரும் கேபிளைக் கண்டறியும் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளரையே சாரும்.

சென்னைத் தொடர்பு

ராயல் என்ஃபீல்ட் புல்லட் 1950களின் நடுப்பகுதி முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டது. அதன் அடிப்படை வடிவமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாதிருந்தது. இதனால் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தயாரான பழைய என்ஃபீல்டுகளுக்கு இந்திய உதிரிப்பாகங்கள் மாற்றாகப் பயன்படுகின்றன. எனினும் பெயர் ஒன்றென்பதற்காக அளக்காமல் பொருத்தலாகாது.