குழந்தைகளின் தலைக்காயம்

நடை பழகும் குழந்தைக்கு உடலின் அளவை நோக்கத் தலை பெரிதாயும் கழுத்துத் தசைகள் வலிவு குன்றியும் இருப்பதால், அது தடுக்கி விழும்போது தலையே முதலில் மோதுவது இயற்கை. தமிழ்நாட்டின் எல்லையை அடுத்த, கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலையை ஒட்டித் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கிராமங்களிலும், திண்ணையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் இவ்வாறு விழும் குழந்தைகளிற் பெரும்பாலோர் சற்று நேரம் அழுது, தேறி, விளையாடத் தொடங்கிவிடுவர்.

நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்பு எழுந்தால் பெற்றோர் பதறுவர். குழந்தை மற்றபடி நன்றாயிருப்பின் அது அத்துணை அபாயமன்று. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் பக்கவாட்டிலோ பிடரியிலோ மெத்தென்று அமுங்கும் வீக்கமே, அதனடியில் கபாலம் விரிசல் கண்டிருக்கக்கூடுமாதலின், உடனே வைத்தியரிடம் காட்டத்தக்கது. 2009இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான, 42,000க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிறுவர்களை ஆராய்ந்த ஆய்வு, இவ்வீக்கத்தோடு, 5 விநாடியோ அதற்கு மேலோ பிரக்ஞை தப்புதல், 3 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றையும் இவ்வயதினருக்குரிய அபாயக் குறிகளுள் வைத்தது. "பிள்ளை எப்பவும்போல இல்ல" என்று தாய் சொல்லும் சொல்லும் அவ்வரிசையில் இடம்பெற்றது. அதனைத் தாயின் வீண் பயமென்று தள்ளும் வீட்டுப் பெரியோர் பெரும் பிழை செய்கின்றனர்.

ஓரிரு முறை வாந்தி சாதாரணமாகவும் நேரும். மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீரோ இரத்தமோ கசிதல், கண்மணிகள் அளவில் வேறுபடுதல், ஒரு கையோ காலோ தளர்தல், ஓயாத அழுகை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. விழுந்த குழந்தையை உறங்கவிடக் கூடாதென்பது பழைய நம்பிக்கை. இக்குறிகள் ஏதுமின்றி, உறங்கும் வேளையில் அது கண்ணயர்ந்தால் உறங்கவிடலாம், ஆயினும் இடையில் எழுப்பிப் பார்த்து, எழுப்ப முடியாவிடின் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரியும் நெய்யாற்றின்கரைப் பொது ஆஸ்பத்திரியும் அண்மையில் உள்ளன. கடுமையான காயத்துக்கு 1951இல் தோன்றிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி உண்டு. 108 ஆம்புலன்ஸோ எல்லையின் இருபுறமும் கிடைப்பது. சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு இளம் மூளைக்கு உகந்ததன்று ஆதலின், ஐயத்துக்கிடமான குழந்தையை வைத்தியர் சில மணி நேரம் அருகில் வைத்துக் கவனிப்பதும் உண்டு. அதனை அலட்சியமென்று எண்ணி ஸ்கேனுக்கு வற்புறுத்தலாகாது. விழுந்த உயரம், உடனே அழுததா என்பது, வாந்தியெடுத்த வேளைகள் ஆகியவற்றை நேரில் கண்டவரே உடன்சென்று சொல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும்.