வெளுத்த வானம்

நண்பகலில் ஒரு கோயிற் கோபுரத்தை அண்ணாந்து நோக்குகிறோம். மதிலின் நிழலில் பூத்தொடுப்பவளும் தெரிகிறாள். கோபுரத்தின் மேலே மிதக்கும் வெண்முகிலும் தெரிகிறது. நிழலுக்கும் முகிலுக்கும் ஒளியில் எத்தனையோ மடங்கு வேற்றுமை. ஆயினும் கண்மணி சுருங்கியும் விரிந்தும், விழித்திரை தன் கூர்மையை இடத்துக்கேற்ப மாற்றியும், இரண்டையும் நமக்கு ஒருங்கே காட்டிவிடுகின்றன. காமிராவுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. பழைய புகைப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள விரும்பும் மாணவர்கள், அந்தக் குறையை மனிதர் எவ்வாறு ஈடுசெய்தனர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்ணாடித் தகட்டிலும் காகிதத்திலும் வெள்ளி உப்புக்களைப் பூசிப் படம் எடுத்தார்கள். அந்த உப்புக்கள் நீல ஒளிக்கும், நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளிக்கும் மட்டுமே விரைந்து இணங்கின. பச்சைக்கும் சிவப்புக்கும் அவை ஏறக்குறையக் குருடு. வெண்முகிலில் எல்லா நிறமும் உண்டு, நீலமும் உண்டு. ஆகவே நீல வானமும் வெண்முகிலும் தகட்டின் பார்வையில் ஒன்றே! பச்சை மரமும் செம்மண்ணும் பதிவதற்கோ நெடுநேரம் ஒளி காட்டவேண்டும். மண் தெளிவாக வந்த அளவில் வானம் முழுவதும் வெளுத்து, வெறுங்காகிதமாகிவிடும். வானத்துக்கு அளவாக ஒளி காட்டினாலோ நிலம் மைக்கறுப்பாகும். அக்காலத்துப் படங்களில் மேகமே இல்லாத வானத்தைக் கண்டு, அன்றெல்லாம் மழையே இல்லை போலும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது.

இந்த இடர்ப்பாட்டை வென்று புகழ் பெற்றவர் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே. 1820இல் பிறந்த இவர் முதலில் ஓவியம் பயின்றவர். 1856இல் நார்மண்டிக் கடற்கரையில் இவர் எடுத்த பாய்க்கப்பல் படம் லண்டனில் காட்சிக்கு வந்தபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பகலில் எடுத்த படத்தை நிலவொளியில் எடுத்ததென்றே பலர் எண்ணினர். அதில் அவர் கடலையும் மேகத்தையும் ஒரே நெகட்டிவில் பிடித்திருந்தார். கதிரவன் மேகத்தின் பின்னே மறைந்திருந்த வேளையைத் தேர்ந்து, வானத்துக்கு உரிய ஒளியளவையே கடலுக்கும் அளித்தார். கடல் ஒளியைத் திருப்பி வீசுவது. ஆகவே அது வானத்தோடு ஓரளவு ஒத்துப்போயிற்று. காடும் வயலும் அவ்வாறு ஒத்துப்போகா.

மறு ஆண்டு அவர் மற்றொரு வழியைக் கையாண்டார். மத்தியதரைக் கடலோரத்துச் செத் நகரில் எடுத்த பேரலைப் படத்தில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு வேறொரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானத்தில் இணைத்து ஒரே காகிதத்தில் அச்சிட்டார். தையல் தெரியாத தையல்! ஒரே வானத்தை அவர் வெவ்வேறு கடல்களுக்கு மேலே பயன்படுத்தியதும் உண்டு. அப்படத்தில் வானமும் உண்மை, கடலும் உண்மை. இரண்டும் அந்த நொடியில் ஒன்றாக இருந்தன என்பது மட்டும் உண்மையன்று. கலைக்கு இது இழுக்காகாது என்பது என் கருத்து. ஆனால் அன்றைய வானிலையை அப்படத்தைக் கொண்டு எழுதப் புகுவோர் ஏமாந்து போவர்.

இந்தக் கதைக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. காகிதத்துக்கு முன்கூட்டியே மெழுகூட்டி நெகட்டிவ் தயாரிக்கும் முறையை 1851இல் வெளியிட்டவரும் லெ கிரேயே. அக்காகிதத்தைப் பல நாள் முன்னதாகவே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், பயணத்துக்கு ஏற்றது. மெழுகுக் காகிதத்தைக் கொண்டு தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக அவர் 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் பணியாற்றினார். அவருடைய படங்கள் சிலவற்றில் கோபுரங்களுக்கு மேலே மென்மையான மேகங்கள் தவழ்கின்றன. அவற்றுள் பல வானத்தில் தோன்றியவை அல்ல. நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி உண்டாக்கப்பட்டவை! வண்ணம் தடுத்த இடத்தில் ஒளி குறைவாகச் செல்லும். அச்சில் அவ்விடம் வெண்மையாகி மேகமெனத் தோன்றும்.

அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுக்களைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுக்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல்வெட்டைத் தொடர்ந்து படிக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரே கை மேகத்தைப் புனைந்தது. எழுத்தை உள்ளவாறே பதித்தது. டிரைப்பின் படங்களில் எந்தப் பகுதியை எந்த அளவு நம்பலாம் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இவ்வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார்.

குருட்டுத் தகட்டுக்குப் பார்வை தந்தவர் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மான் வோகல். சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சை ஒளிக்கும் இணங்கும் என்பதை அவர் 1873இல் கண்டறிந்தார். எல்லா நிறங்களுக்கும் இணங்கும் தகடுகள் 1906இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதன்பின் லென்ஸுக்கு முன்னே ஒரு மஞ்சள் கண்ணாடியை வைத்தாலே போதும். அது நீலத்தைத் தடுக்கும். வானம் கருமையுற, மேகம் வெள்ளையாகவே நிற்கும். 1927இல் ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஹாப் டோம் என்னும் பாறைமுகத்தை முதலில் மஞ்சள் கண்ணாடியுடன் எடுத்தார், மனநிறைவு இல்லை. எஞ்சியிருந்த கடைசித் தகட்டில் சிவப்புக் கண்ணாடியை வைத்து எடுத்தார். வானம் ஏறக்குறையக் கரிய திரையாயிற்று. கண் கண்ட வானம் அதுவன்று. அவர் உள்ளம் கண்ட வானம். நிழலுக்கு எவ்வளவு ஒளி, முகிலுக்கு எவ்வளவு ஒளி என்று முன்கூட்டியே கணக்கிடும் மண்டல முறையைப் பின்னர் அவரும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்தனர். அக்கணக்குக்கு அடிப்படையிட்டவர்கள், ஒளிக்கும் தகட்டின் கருமைக்கும் உள்ள உறவை 1890இல் வெளியிட்ட ஹர்ட்டரும் டிரிபீல்டும் ஆவர்.

இன்றைய டிஜிட்டல் காமிராவில் பிலிம் இல்லை; ஆயினும் பழைய இடர் தீரவில்லை. அதன் ஒளியுணர் தகட்டில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு குடம் போன்றது. குடம் நிரம்பிய பின் பொழியும் ஒளி கணக்கில் ஏறாது. அங்கிருந்த மேகத்தை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. எனவே தேர்ந்தவர்கள் வானத்துக்கு அளவாக ஒளி கொடுத்து, நிலத்தின் இருளைப் பின்னர் உயர்த்துகின்றனர். வேற்றுமை மிகுதியானால் ஒளியளவை மாற்றி மாற்றி இரண்டு மூன்று படங்கள் எடுத்து இணைப்பர். அண்மைக் காலக் கைப்பேசிகள் பலவும் இவ்விணைப்பை, நாம் பொத்தானை அழுத்திய மறுகணமே, நம்மைக் கேளாமலே செய்து முடிக்கின்றன. லெ கிரேயின் படத்தில் தையல் தொடுவானத்தில் இருந்தது; இவற்றிலோ அது படம் முழுவதும் பரவிக் கிடக்கிறது.