மாணவர்கள் கூட்டிய மாநாடு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்றொரு பல்கலைக்கழக ஊர். வழக்கமாகப் பிப்ரவரிக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே சிறுபான்மையினர் சுகாதார மாநாடு கூடும். அரசுத் துறை கூட்டுவதல்ல, மருத்துவர் சங்கம் கூட்டுவதும் அல்ல. பொதுச் சுகாதாரம் படிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள்தான் தலைப்பைத் தீர்மானிக்கிறார்கள், பேச்சாளரை அழைக்கிறார்கள், நாற்காலிக் கணக்கும் பார்க்கிறார்கள். மாணவர்கள் நடத்தும் சுகாதார மாநாடுகளில் நாட்டிலேயே நீண்ட காலமாக நடந்துவருவது என்று பெயரெடுத்தது. 2019ல் 40வது மாநாடு நடந்தது. வகுப்பில் தங்களைப் போல் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று தேடிய சில மாணவர்கள் தொடங்கியது இது.

அப்படித் தேட வேண்டியிருந்ததற்குக் காரணம் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு. 1795ல் முதல் மாணவர் உள்ளே வந்தார். முதல் கறுப்பின மாணவர்கள் வந்ததோ 1951ல், அதுவும் நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு. இடையில் 156 ஆண்டுகள். பொதுச் சுகாதாரக் கல்லூரி 1940ல் தனிக் கல்லூரியானது. கறுப்பினச் சுகாதாரப் பணியாளர்களும் தேவைதான் என்று அது உணராமல் இல்லை. ஆனால் அவர்களைத் தன் வகுப்பில் உட்கார வைக்கவில்லை. பக்கத்து நகரமான டர்ஹமில் கறுப்பினத்தவருக்கென்று இருந்த வட கரோலினா கல்லூரியில் 1940களின் நடுவில் சுகாதாரக் கல்விப் படிப்பு ஒன்றைத் தொடங்க உதவியது. ஒரே மாநிலம், ஒரே பாடம், இரண்டு வாசல்.

சட்டம் கதவைத் திறந்த பிறகும் உள்ளே வந்தவர்கள் சொற்பம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் நிறப் பிரிவினையை உண்மையிலேயே கைவிட வேண்டும் என்று 1970 வாக்கில் மத்திய அரசு வட கரோலினா உட்பட 10 மாநிலங்களை நெருக்கியது. அந்தக் காலத்தில்தான், 1970களின் தொடக்கத்தில், பொதுச் சுகாதாரக் கல்லூரியின் மாணவர்கள் 'மைனாரிட்டி ஸ்டூடன்ட் காக்கஸ்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். எங்களைப் போன்ற மாணவர்களை இன்னும் சேருங்கள், சேர்த்தவர்கள் பாதியில் போய்விடாமல் பாருங்கள், எங்கள் மக்களின் உடல்நலத்தையும் பாடமாக்குங்கள் என்பவைதான் சாரமாக அவர்கள் நிர்வாகத்தின் முன் வைத்தவை.

இப்படிப்பட்ட சங்கத்தின் அன்றாட வேலை, கோரிக்கை மனுவில் தெரியாது. எந்தப் பேராசிரியரிடம் ஆய்வுக்குப் போகலாம், யாரிடம் போனால் இரண்டு வருடம் வீணாகும், உதவித்தொகை விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும், வகுப்பில் ஒருவர் உன் ஊரையே ஒரு நோய்போலப் பேசினால் என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அப்பாவோ அக்காவோ அந்த வழியே போயிருந்தால் வீட்டிலேயே கிடைத்துவிடும். வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவருக்கு, ஒரு வருடம் முந்தி வந்தவர்தான் அக்கா, அண்ணன் எல்லாம்.

மாணவர்களுக்கு உள்ளிருந்து துணை நின்றவர் வில்லியம் ஸ்மால். எல்லோருக்கும் பில் ஸ்மால். அதே கல்லூரியின் பழைய மாணவர், பிறகு அங்கேயே நிர்வாகியும் ஆசிரியரும் ஆனார். சிறுபான்மை மாணவர்களைத் தேடிச் சேர்க்கவும் தக்கவைக்கவும் கல்லூரியைப் பல ஆண்டுகள் விடாமல் நெருக்கியவர், சங்கத்தின் ஆலோசகர்.

அந்தத் தலைமுறையின் மனநிலையைப் புரிந்துகொள்ள டஸ்கீகியை நினைக்க வேண்டும். அலபாமா மாநிலத்தில் 1932ல் தொடங்கிய அரசு ஆய்வு அது. 600 ஏழைக் கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய். நோயின் பெயரைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். பரிசோதனை நாளில் இலவசச் சாப்பாடு, இறந்தால் அடக்கச் செலவு. பென்சிலின் வந்து குணமாகக்கூடிய நோய் ஆன பிறகும் மருந்து கொடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். 1972ல் செய்தி வெளியாகி ஆய்வு நின்றது. நடத்தியது வேறு யாருமல்ல, நாட்டின் பொதுச் சுகாதாரத் துறைதான்.

வெளியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைத் தடுக்கப் பார்த்த ஒருவர் துறைக்குள்ளேயே இருந்தார். பில் ஜென்கின்ஸ், கறுப்பினப் புள்ளியியலாளர், அப்போது இருபதுகளில் இருந்தவர். மேலதிகாரியிடம் கேட்டார். கவலைப்படாதே என்று பதில் வந்தது. நண்பர்களுடன் நடத்திய 'தி டிரம்' என்ற சிறு இதழில் எழுதினார், மருத்துவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. கையில் உண்மை இருந்தது, அதை எடுத்துச் செல்ல ஆள்பலம் இல்லை. பிற்பாடு மறுபடி படிக்கப் போனார். 1983ல் சேப்பல் ஹில்லில்தான் நோய்ப்பரவலியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் ஜென்கின்ஸ் கற்ற பாடம் விளங்கும்: சிறுபான்மை மாணவர்களுக்குப் புள்ளியியலும் நோய்ப்பரவலியலும் பழக்கும் கோடைப் பயிற்சி, கறுப்பினச் சுகாதார ஆய்வாளர்களுக்கென ஒரு சங்கம். 2019ல் இறக்கும்வரை ஆள் சேர்ப்பதையே தொழிலாக வைத்திருந்தார்.

சேப்பல் ஹில் மாணவர்கள் தங்கள் வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள். நமக்குள் கூடிப் பேசினால் மட்டும் போதாது, நம் விஷயத்தை ஊர் முன்னால் வைக்க வேண்டும். 1977ல் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். நோக்கம் இரண்டு. சிறுபான்மை மக்களின் உடல்நலத்தைப் பேசுபொருளாக்குவது ஒன்று. அந்தத் துறையில் நாட்டமுள்ள புது மாணவர்களைக் கல்லூரிக்கு ஈர்ப்பது இன்னொன்று. இரண்டாவது நோக்கம்தான் கெட்டிக்காரத்தனம். விருந்தாளியாக வந்து கேட்பவர் அடுத்த ஆண்டு மாணவராக வரலாம், அதற்கடுத்த ஆண்டு அவரே மாநாட்டை நடத்தலாம்.

காலத்தைக் கவனியுங்கள். கறுப்பினத்தவருக்கும் பிற சிறுபான்மையினருக்கும் உடல்நலத்தில் உள்ள பள்ளத்தை அமெரிக்க அரசு முழுதாக அளந்து அறிக்கையாக வெளியிட்டது 1985ல். சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லரின் பெயரால் அறியப்படும் அந்த அறிக்கை, வெள்ளையருக்கு உள்ள அதே இறப்பு விகிதம் இருந்திருந்தால் சிறுபான்மையினரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் செத்திருக்க மாட்டார்கள் என்று கணக்குக் காட்டியது. அதற்கென்று அரசு தனி அலுவலகம் திறந்தது 1986ல். மாணவர்கள் மேடை போட்டுப் பேசத் தொடங்கி அப்போது எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர் அமைப்புகளுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. முதுகலைப் படிப்பு இரண்டே வருடம். உற்சாகமான நான்கு பேர் தொடங்குவார்கள், பட்டம் வாங்கிப் போவார்கள், சங்கம் படுத்துவிடும். சேப்பல் ஹில் சங்கத்தைப் படுக்கவிடாமல் காத்தது மாநாடுதான். பிப்ரவரியில் மாநாடு என்றால் அதற்கு மாதக்கணக்கில் முன்பே குழு அமைத்தாக வேண்டும், புதிதாக வந்தவரை இழுத்துப் போட்டாக வேண்டும், போன வருடத்துக்காரர் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். பட்ஜெட் போடுவது, நிபுணரை அழைப்பது, பெரிய கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது என்று வகுப்பில் கிடைக்காத பயிற்சியும் அந்த வேலையிலேயே கிடைத்துவிடுகிறது. இடையில் சில ஆண்டுகள் விட்டுப் போனாலும் மறுபடி எழுந்து வந்திருக்கிறது.

1999ல் மாநாட்டின் முதன்மை உரைக்கு பில் ஸ்மால் பெயரைச் சூட்டினார்கள். பின்னர் அந்த உரை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாகி, மற்றப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் அதே நாளில் தங்கள் ஊரில் கூடிக் கேட்டு விவாதிக்கும் வழக்கம் வந்தது.

இதில் கல்லூரிகளுக்கு ஒரு கடனும் பாக்கி இருக்கிறது. தேடிச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் நிர்வாகத்தின் வேலை. அதைச் சம்பளமில்லாமல், தேர்வுக்கும் ஆய்வேட்டுக்கும் நடுவில், எண்ணிக்கையில் குறைந்தவர்களே சுமந்திருக்கிறார்கள். மாநாட்டுக்குக் கைதட்டும் எந்தக் கல்லூரியும் அந்த உழைப்பைப் படிப்பின் பகுதியாகக் கணக்கில் எடுக்க வேண்டும், நிதியும் ஒதுக்க வேண்டும்.

மாணவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. உங்கள் துறையில், உங்கள் வகுப்பில், உங்களைப் போல் நீங்கள் ஒருவர்தான் என்று தோன்றினால், முதலில் இரண்டாமவரைத் தேடுங்கள். இருவரும் சேர்ந்து அடுத்த ஆண்டுக்கு ஒரு தேதி குறியுங்கள். மூன்றாமவரை அந்தத் தேதி கொண்டுவரும்.