இங்கிலாந்தில் பிள்ளைக்கு செகண்டரி ஸ்கூல் சீட்: வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிய வேண்டியவை

வேலை மாறி இங்கிலாந்து போகிறவர்கள் விசா, டிக்கெட், சம்பளம், வாடகை எல்லாவற்றுக்கும் எக்செல் போட்டுவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளையும் கூட வருகிறது என்றால் அந்த எக்செலில் ஒரு தேதியும் இருக்க வேண்டும்: அக்டோபர் 31. அதைத் தவறவிட்டாலோ, தவறான தெருவில் வீடு எடுத்துவிட்டாலோ, தினமும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பள்ளி பிள்ளைக்குக் கிடைக்கலாம்.

நம்ம ஊரில் சீட் என்றால் விடிவதற்கு முன்பே வரிசை, இன்டர்வியூ, சிபாரிசு, டொனேஷன். இங்கிலாந்தின் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் இது எதற்கும் இடமில்லை. கட்டணமும் கிடையாது. அதற்குப் பதிலாக அங்கே பேசுவது விதிகளும், பல இடங்களில் உங்கள் வீட்டு முகவரியும்தான்.

யாருக்கு, எப்போது?

செகண்டரி ஸ்கூல் 'இயர் 7'-ல் தொடங்குகிறது. கிட்டத்தட்ட நம்ம ஊர் ஆறாம் வகுப்பு வயது. 2027 செப்டம்பரில் சேரப்போவது 2015 செப்டம்பர் 1 முதல் 2016 ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகள். அவர்களுக்கான விண்ணப்பத்தின் கடைசி நாள் 2026 அக்டோபர் 31. முடிவு வெளியாவது 2027 மார்ச் 1. ஒவ்வோர் ஆண்டும் இதே தேதிகள்தான். மார்ச் 1 விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில் முடிவு வரும்.

ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருக்கும் பெற்றோருடன் வாழும் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் சேரலாம். இந்த நடைமுறை இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி முறைகள் இருக்கின்றன.

பள்ளியிடம் போகாமல் ஏன் கவுன்சிலிடம்?

நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சில்தான் விண்ணப்பத்தை வாங்கும். பக்கத்து கவுன்சிலில் இருக்கும் பள்ளி வேண்டுமென்றாலும், உங்கள் கவுன்சிலின் ஃபார்மில்தான் அதை எழுத வேண்டும். எல்லைக்கு வெளியே வசிக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது என்று 1989-ல் வந்த 'கிரீன்விச் தீர்ப்பு' சொல்கிறது.

ஃபார்மில் குறைந்தது 3 பள்ளிகளையாவது எழுத இடம் உண்டு. லண்டனில் 6 வரை எழுதலாம். விதிகளை வகுப்பது எல்லா இடத்திலும் கவுன்சில் அல்ல. அகாடமி என்றால் அதை நடத்தும் டிரஸ்ட், பல மதப் பள்ளிகளில் அவற்றின் நிர்வாகக் குழு. மதப் பள்ளிகள் பெரும்பாலும் கவுன்சில் ஃபார்மோடு சேர்த்து ஒரு துணைப் படிவமும் கேட்கும். அதை நேராகப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால்?

ஒவ்வொரு பள்ளியும் தன் முன்னுரிமை வரிசையை முன்கூட்டியே வெளியிட வேண்டும். சிறப்புக் கல்வித் தேவைக்கான திட்ட ஆவணத்தில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கும் பிள்ளையை எப்படியும் சேர்த்தாக வேண்டும். அடுத்து, அரசுப் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அண்ணன், அக்கா ஏற்கெனவே அங்கே படிக்கிறார்களா, வீட்டுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம், குறிப்பிட்ட எல்லைக்குள் வீடு இருக்கிறதா என்று வரிசை போகும். சில பள்ளிகள் குலுக்கலும் நடத்துகின்றன.

கிராமர் ஸ்கூல் கதை வேறு. இங்கிலாந்து முழுக்க 163 கிராமர் பள்ளிகள்தான் இருக்கின்றன. 'லெவன் பிளஸ்' தேர்வு எழுத வேண்டும். தேர்வு பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். அதற்கான பதிவு பல இடங்களில் கோடையிலேயே முடிந்துவிடும். ஆகஸ்டில் போய் இறங்குகிற குடும்பம் இங்கேதான் கோட்டை விடுகிறது. தேர்வில் தேறினாலும் அந்தப் பள்ளியின் பெயரைக் கவுன்சில் ஃபார்மில் எழுதினால்தான் இடம்.

எந்தப் பள்ளியை முதலில் எழுதுவது?

"முதல் சாய்ஸ் கிடைக்காவிட்டால் இரண்டாவதும் போய்விடும்", "ஒரே பள்ளியை எழுதினால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்" என்று வாட்ஸ்அப் குரூப்களில் ஆலோசனை வரும். இரண்டுமே தவறு.

நீங்கள் எழுதிய வரிசை எண்ணைப் பார்த்து ஒரு பள்ளி உங்களை முன்னேயோ பின்னேயோ வைக்க முடியாது. தன் விதிப்படி எல்லா விண்ணப்பங்களையும் அது வரிசைப்படுத்தும். ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் தகுதி கிடைத்தால், உங்கள் பட்டியலில் மேலே இருப்பதைக் கவுன்சில் தரும். மற்ற இடங்கள் அடுத்தவர்களுக்குப் போய்விடும்.

ஓர் உதாரணம். முதலில் கிராமர் பள்ளி. இரண்டாவது, 1.4 கி.மீ. தள்ளி இருக்கும் பிரபலமான பள்ளி. போன வருடம் அங்கே 1.1 கி.மீ.-க்குள் இருந்தவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. மூன்றாவது, 600 மீட்டரில் இருக்கும் பள்ளி. போன வருடம் அங்கே 2 கி.மீ. வரை கொடுத்தார்கள். முதல் இரண்டும் கைவிட்டாலும் மூன்றாவதில் உங்கள் வாய்ப்பு துளியும் குறையாது. ஆனால் அந்த மூன்றாவதை எழுதாமல் விட்டுவிட்டால், எல்லோருக்கும் போக மிச்சம் எங்கே இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

அதனால் நிஜமாகவே பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று தோன்றும் ஒரு பள்ளியையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.

டேட்டா என்ன சொல்கிறது?

2024-ல் இங்கிலாந்தில் 82.9% பேருக்கு முதல் விருப்பமே கிடைத்தது. லண்டனில் இது சுமார் 70%. இந்த எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. கிடைக்கும் என்று தெரிந்த பள்ளியையே பலர் முதலில் எழுதுகிறார்கள். எனவே நீங்கள் ஆசைப்படும் பள்ளியில் உங்களுக்கு 83% வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பயன்படும் எண் வேறு. தூரம் பார்க்கும் பள்ளிகளில், போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதுதான் அது. பல கவுன்சில்களின் அட்மிஷன் கையேட்டில் இது இருக்கும். ஒரு வருடம் மட்டும் பார்க்காமல் மூன்று வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தூரம் வருடத்துக்கு வருடம் சுருங்கிவந்தால் உஷாராக வேண்டும். நேர்க்கோட்டில் அளக்கிறார்களா, நடைபாதை வழியாகவா என்பதையும் கவனியுங்கள். கூகுள் மேப் காட்டும் தூரமும் கவுன்சிலின் அளவும் ஒன்றாக இருக்காது.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால், கொடுத்த இடத்தையே திரும்பப் பெற முடியும்.

மார்ச் 1-ல் ஏமாற்றம் என்றால்?

கிடைத்த இடத்தை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் நிலைக்கோ மேல்முறையீட்டுக்கோ பாதிப்பு இல்லை. காத்திருப்புப் பட்டியலும் அதே முன்னுரிமை விதிப்படிதான் நகரும், முதலில் வந்தவருக்கு முதலில் என்று அல்ல. பள்ளிக்கு மிக அருகில் யாராவது புதிதாகக் குடிவந்தால் நீங்கள் ஒரு படி கீழே இறங்கலாம்.

மேல்முறையீட்டைச் சுயேச்சையான குழு விசாரிக்கும். விண்ணப்பிக்க குறைந்தது 20 பள்ளி வேலை நாட்கள் அவகாசம் தருவார்கள். 'நல்ல ரிசல்ட் காட்டுகிற பள்ளி' என்று சொன்னால் மட்டும் போதாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்றோ, இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளிதான் ஏன் தேவை என்றோ ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

வருடத்தின் நடுவில் போனால்?

அக்டோபர் 31-க்குப் பிறகு வரும் இயர் 7 விண்ணப்பங்கள் பொதுவாக மற்றவர்களுக்குப் பின்னால்தான் போகும். இப்போதுதான் குடிவந்தோம் என்று ஆதாரம் காட்டினால் சில கவுன்சில்கள் தளர்வு தருகின்றன. வகுப்பு தொடங்கிய பிறகு போகிறவர்களுக்கு 'இன்-இயர்' முறை இருக்கிறது. கவுன்சிலிடமோ பள்ளியிடமோ விண்ணப்பித்தால் 15 பள்ளி வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

வீடு தேடும் வரிசையையும் இதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஆபீஸுக்குப் போய்வர வசதியான பகுதி, அடுத்து அங்கே இருக்கும் பள்ளிகளின் மூன்று வருடக் கடைசித் தூரம், அதற்குப் பிறகு வீடு. எந்தத் தேதியில் எந்த முகவரியைக் கணக்கில் எடுப்பீர்கள், என்ன ஆதாரம் கேட்பீர்கள் என்று கவுன்சிலுக்கு ஒரு மெயில் போட்டுப் பதில் வாங்கி வையுங்கள். அட்வான்ஸ் கட்டுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.